கடைக்கு ஷட்டர் இருந்தது



கொஞ்சம் நீண்ட பதிவு இது. அவசர வேலை இருப்பவர்கள் வேலையை முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். பழைய வீடியோ கேம் பெட்டி. சிவப்புக் குமிழ் வைத்த ஜாய்ஸ்டிக், பக்கத்தில் பட்டன்கள், கீழே காசு போடும் துவாரம். அவ்வளவுதான், அன்று இரவு குழு தூங்கவில்லை. முஸ்தபா, கான்ட்ரா, மரியோ என்று எழுதித் தள்ளிவிட்டீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், பேங்கிலும் கப்பலிலும் பொறுப்பான வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே ராத்திரியில் அரை டவுசர் போட்ட பையன்களாகிவிட்டீர்கள். படித்துப் படித்து நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை அதே குழுவில் இருக்கும் ஒரு மாணவி எனக்குத் தனியாக எழுதியிருந்தார். மகன் எட்டாவது படிக்கிறான். கையிலிருந்து போனை வாங்க முடியவில்லை. வாங்கினால் சாப்பிட மாட்டேன் என்கிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். "நீங்க சொன்னா கேப்பான் சார், ஒரு வார்த்தை பேசுங்க" என்று கேட்டிருந்தார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் ஏங்கும் விளையாட்டுகள் எல்லாம் இன்று போனிலேயே கிடைக்கின்றன. இறக்கி வைத்து ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்து அலுத்துவிட்டதாக உங்களில் சிலரே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் ஏங்குவது விளையாட்டுக்காக அல்ல, அந்தக் கடைக்காக. உங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டு கை நிறைய இருக்கிறது. கடைதான் இல்லை. இன்றைய வம்புக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அதைத்தான் விளக்கமாகச் சொல்லப்போகிறேன்.

நம் ஊரில் வீடியோ கேம் கடை இருந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கயிலாசநாதர் கோயிலும் நித்தியகல்யாணி அம்மனும் ஊருணியும் பெரிய பெரிய வீடுகளும் உண்டு. பொழுதுபோக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. எட்டாம் வகுப்பு முடித்து வெளியூர்ப் பள்ளிக்கு பஸ் ஏறிய பிறகுதான் உங்களுக்கு அந்த உலகம் தெரிந்தது. கீழச்சிவல்பட்டி தாண்டி திருப்பத்தூர் போனால் பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் டி.வி. வைத்து ஆடும் கடை. இன்னும் பெரிய இடம் பார்க்க வேண்டுமென்றால் காரைக்குடி. அங்கேதான் ஆள் உயரப் பெட்டிகள் வரிசையாக நின்றன. 1990-களின் நடுவிலிருந்து ஒரு பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த ராஜ்ஜியம் நடந்தது.

இரண்டும் வேறு வேறு வகை. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் உயரப் பெட்டி காசு போட்டு ஆடுவது. ஜப்பானில் டைட்டோ கம்பெனி 1978-இல் கொண்டுவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் அந்த வகையை உலகம் முழுக்கப் பரப்பியது. நீங்கள் உயிரை விட்ட முஸ்தபா, கேப்காம் கம்பெனி 1993-இல் வெளியிட்டது. அதன் உண்மைப் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். அந்தப் பெயரைச் சொல்லி யார் நாக்கைச் சுளுக்கிக்கொள்வது? அதில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு ஆளுக்கு முஸ்தபா என்று பெயர். நம் பையன்கள் ஆட்டத்துக்கே அவன் பெயரை வைத்துவிட்டார்கள். இந்தியாவில் பல ஊர்களிலும் அதே பெயர்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமல் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. ஊர்ப்பெயர்களும் இப்படித்தான் உண்டாகியிருக்கும்.

இன்னொரு வகை, டி.வி.யில் ஒரு பெட்டியைச் சொருகி கேசட் போட்டு ஆடுவது. நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய பெட்டியைப் பார்த்துச் செய்த போலிகள்தான் நம் ஊர்ப்பக்கம் வந்தவை. சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்கள் ஞாபகம் இருக்கிறதா? அரை மணிக்கு இவ்வளவு, ஒரு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. படம் வரவில்லையென்றால் கேசட்டை உருவி, அடிப்பக்கம் வாயை வைத்து 'பூ' என்று ஊதிவிட்டுத் திரும்பச் சொருகுவார்கள். ஏதோ மந்திரித்துவிடுவது மாதிரி இருக்கும். ஊதியதால் சரியானதா, திரும்பச் சொருகியதால் சரியானதா என்று ஒரு பையனைக் கேட்டேன். "ஊதாமச் சொருகிப் பாத்தாத்தான் சார் தெரியும்" என்றான். அறிவியல் பாடத்தில் சோதனை என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பதிலை நான் வகுப்பில் கேட்டதில்லை.

வாத்து சுடும் துப்பாக்கியும் அப்படித்தான். துப்பாக்கியிலிருந்து ஏதோ பாய்ந்து திரையில் படுகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தீர்கள். உண்மையில் வெளிச்சத்தை வாங்கிக்கொள்வது துப்பாக்கி. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். குழலுக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். பார்க்காவிட்டால் நாய் சிரிக்கும். பழைய குண்டு டி.வி.யோடு அந்தத் துப்பாக்கியின் ஆயுளும் முடிந்தது. புது டி.வி.யில் அது வேலை செய்யாது.

கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு சில ஆட்டங்களையே பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப வைத்திருப்பார்கள். விளம்பரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை உங்கள் தலைமுறை அங்கேதான் கற்றது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடையில் மூன்று சங்கதிகள் இருந்தன. காசு, கடிகாரம், கூட்டம்.

முதலில் காசு. கையில் இருக்கும் காசைத் துவாரத்தில் போட்டால்தான் ஆட்டம். உள்ளங்கையில் வேர்வையோடு இறுக்கிப் பிடித்திருந்த காசு உள்ளே விழும் சத்தம் காதில் கேட்கும். மூன்று உயிர் போனால் திரையில் ஒன்பது, எட்டு, ஏழு என்று எண் இறங்கும். இன்னொரு காசு போட்டால் தொடரலாம். அந்தச் சில வினாடிக்குள் சட்டைப் பையைத் தடவி, பக்கத்தில் நிற்பவனைக் கெஞ்சி, அவன் முறைத்து, எண் பூஜ்யம் ஆகிவிடும். வெளியே வந்து பார்த்தால் பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு போயிருக்கும். அப்புறம் நடைதான். எவ்வளவு செலவழித்தோம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கால் சொல்லித் தரும்.

அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் தர்மவான்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவன் ஒரே காசில் மணிக்கணக்காக நின்றால் கடைக்காரருக்கு நட்டம். அதனால் போகப் போக ஆட்டம் கடினமாகும்படி செய்திருப்பார்கள். உன்னைச் சீக்கிரம் வெளியே தள்ளிவிட்டு அடுத்தவன் காசை வாங்குவதுதான் அந்த வியாபாரம். ஆனால் அதில் நமக்கு ஒரு நன்மை இருந்தது. அந்த வியாபாரம் பிள்ளையைத் தானே வெளியே அனுப்பியது.

இரண்டாவது, கடிகாரம். டி.வி. கடையில் சுவரில் கடிகாரமும் கடைக்காரர் கையில் ஒரு நோட்டும் இருக்கும். பெயர், ஆரம்பித்த நேரம், முடியும் நேரம். நேரம் முடிந்தால் நீ எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சரி, மரியோ பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாலும் சரி, "எந்திரிப்பா" என்பார். அழுதாலும் கேட்க மாட்டார். இரவு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு அவரும் சாப்பிடப் போய்விடுவார். அதன் பிறகு உலகத்தில் யாராலும் உங்களுக்கு வீடியோ கேம் தர முடியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவது ஒன்றுதான் வழி.

மூன்றாவது, கூட்டம். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆடுபவன் ஒருவன் என்றால் பார்ப்பவர்கள் ஐந்து பேர். காசில்லாதவனுக்கும் அங்கே இடம் உண்டு. அவன்தான் பின்னால் நின்று "குதிடா, குதிடா, இப்பச் சுடு" என்று வழி சொல்வான். பார்த்துப் பார்த்தே கற்றவன் ஒருநாள் காசு கிடைத்து உட்கார்ந்தால் எல்லாரையும் தோற்கடிப்பான். கான்ட்ராவில் முப்பது உயிர் வாங்க ஒரு வித்தை உண்டு: மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. கொனாமி கம்பெனியின் ஹஷிமோட்டோ என்பவர் 1986-இல் வேறொரு ஆட்டத்தைப் பரிசோதிக்கும்போது தன் வசதிக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. இணையம் இல்லை, புத்தகம் இல்லை. ஜப்பானில் ஒருவர் வைத்த வித்தை வாய் வழியாகவே திருப்பத்தூர் சந்து வரைக்கும் வந்து சேர்ந்தது. மனப்பாடப் பகுதி எழுதச் சொன்னால் நான்காவது வரியில் திணறுகிறவன் இதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான்.

அந்தக் கூட்டத்தில் சண்டையும் வரும். "என் முறை", "நீ ஏமாத்திட்ட", "ஒரு உயிர் கடன் கொடு". சண்டையைக் கடைக்காரர் தீர்த்துவைப்பார்; அவர் இல்லாவிட்டால் பெரிய பையன் ஒருவன் தீர்ப்பான். தோற்றவன் எழுந்து இடம் விட வேண்டும். ஐந்து பேர் பார்க்கத் தோற்று, எழுந்து, சிரித்துக்கொண்டு பின்னால் போய் நிற்கப் பழகுவது சின்னப் பாடம் இல்லை. வாழ்க்கையில் அது எத்தனை தடவை தேவைப்பட்டது என்பது நாற்பது வயதான உங்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் பெற்றோர் பயந்ததும் உண்மை. அது நம் ஊர்ப் பயம் மட்டும் இல்லை. 1981-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஜார்ஜ் ஃபோக்ஸ் என்ற உறுப்பினர் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் முதலான எலெக்ட்ரானிக் ஆட்டங்களைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். 114-க்கு 94 என்ற கணக்கில் அது தோற்றது. இருபது ஓட்டு வித்தியாசம்தான். அதே வருடம் பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் அந்தப் பெட்டிகளுக்குத் தடையே போட்டார். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயம் கடல் தாண்டியும் ஒன்றுதான்.

பயத்தில் நியாயமும் இருந்தது. குழுவில் எல்லாரும் தேன் ஒழுக எழுதியதால் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கு மட்டம் போட்டு அங்கே நின்றவர்கள் உண்டு. அப்பத்தா சுருக்குப் பையிலிருந்து காசு எடுத்தவர்கள் உண்டு. கடைக்குள் பீடிப் புகை, கெட்ட வார்த்தை, யாரென்று தெரியாத பெரிய ஆட்கள். பள்ளி நேரத்தில் அங்கே நின்ற பையன்களை நான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். இன்று நின்றாலும் கூப்பிட்டு வருவேன். அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூப்பிட்டு வர முடிந்தது. பையன் எங்கே என்று கேட்டால் "கேம் கடையில பாருங்க சார்" என்று யாராவது சொல்வார்கள். போய்ப் பார்த்தால் இருப்பான். இன்று பையன் வீட்டுக்குள்ளே, கட்டிலில், நம் கண் முன்னால்தான் இருக்கிறான். அவன் எங்கே போயிருக்கிறான் என்று மட்டும் சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு மறுபக்கமும் உண்டு. அன்று இரவு குழுவில் எழுதியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒரு மாணவி மட்டும் கடைசியாக ஒரு வரி எழுதினார்: "எங்களுக்கு அந்தக் கடை வாசல்கூடத் தெரியாதுப்பா." அதற்கு யாரும் பதில் போடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே வீடு, வீட்டில் தண்ணீர் எடுக்கும் வேலை, தம்பியைப் பார்க்கும் வேலை. அந்தக் கூட்டமும் சிரிப்பும் வகுப்பில் பாதிப் பேருக்குக் கிடைக்கவே இல்லை. ஜப்பானிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. கேம் கடைகள் ஆண்கள் மட்டும் அடைந்து கிடக்கும் இடமாக இருக்கின்றனவே, பெண்களும் வந்து ஆடும்படி ஒன்று செய்வோம் என்று எண்ணித்தான் தோரு இவடானி பேக்-மேனை உருவாக்கினார். 1980-இல் வந்தது. சண்டை, துப்பாக்கி எதுவும் இல்லாமல், சாப்பிடுவதையே ஆட்டமாக்கினார். ஒரு மனிதர் யோசித்தால் மாற்ற முடிகிறது. ஆகவே பழைய கடையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை இல்லை. அதில் நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

அந்த பேக்-மேனுக்கும் ஒரு முடிவு இருந்தது. எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் இடம் அந்த இயந்திரத்தில் சிறியது. 256-ஆவது கட்டத்தில் கணக்கு நிரம்பி வழிந்து, திரையின் வலப்பாதி எழுத்தும் எண்ணுமாகக் குழம்பிவிடும். அதற்கு மேல் ஆட முடியாது. உலகத்திலேயே கெட்டிக்காரன் ஆடினாலும் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போன் விளையாட்டுக்கு அந்த முடிவு கிடையாது. இதுதான் அடிப்படை வித்தியாசம். கடைக்காரருக்கு நீ சீக்கிரம் எழுந்தால் லாபம். போன் விளையாட்டுக்காரருக்கு நீ எழாமல் இருந்தால் லாபம். அதனால்தான் தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் வரிசை அறுந்துபோகும், நண்பன் காத்திருக்கிறான், இன்னும் இரண்டு மணி நேரத்தில் சலுகை முடிகிறது என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. தூங்கப் போன பிள்ளையின் தலைமாட்டில் வந்து "எந்திரிப்பா, வா" என்று கூப்பிடும் கடைக்காரரை நாம் 1995-இல் பார்த்திருக்கிறோமா? அப்படி ஒருவர் வந்திருந்தால் ஊரே திரண்டு அடித்திருக்காதா?

காசு விஷயமும் அப்படியே. நம் பக்கத்து ஊர் ஒன்றில், எனக்கு உறவு வகையில் தெரிந்த குடும்பம். தகப்பனார் வெளிநாட்டில். வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் அப்பத்தாவின் கணக்குக்கு வரும். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் போனில் பணம் கட்டுவதெல்லாம் பேரன் கையில். பதின்மூன்று வயது. விளையாட்டில் வரும் வீரனுக்குச் சட்டை, துப்பாக்கிக்கு நிறம் என்று ஐம்பதும் நூறுமாகக் கட்டியிருக்கிறான். மாசக் கடைசியில் மளிகைக் கடைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. பார்த்தால் பதினொன்றாயிரத்துச் சொச்சம் போயிருக்கிறது. பையனை அடித்துத் துவைத்துவிட்டார்கள். நான் போனபோது அவன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். "ஏம்ப்பா, இவ்வளவு ஆகுதுன்னு தெரியலையா?" என்று கேட்டேன். "ஒவ்வொண்ணும் கொஞ்சந்தான் சார் இருந்துச்சு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. காசு அவன் உள்ளங்கையில் இருந்திருந்தால் நூறாவது காசில் கை தானே நின்றிருக்கும். விழும் சத்தமே இல்லாத காசுக்கு அவன் எப்படிக் கணக்கு வைப்பான்?

அப்பத்தா என்னிடம் சொன்னது வேறு. "பணம் போனாப் போகட்டுந் தம்பி. ரெண்டு வருசமா அவன் எங்கூட உக்காந்து ஒரு வாய் பேசலையே." அந்த வார்த்தையைக் கேட்டபின் எனக்கு வேறெதுவும் பேசத் தோன்றவில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறீர்கள். சட்டம் என்ன செய்தது என்று பார்ப்போம். தென்கொரியாவில் 2011-இல் ஒரு சட்டம் வந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது. பிள்ளைகள் பெற்றோர் பெயரில் நுழைந்தார்கள். ஆட்டமும் கம்ப்யூட்டரை விட்டுக் கைப்பேசிக்கு மாறிவிட்டது. 2022 பிறந்தபோது அந்தச் சட்டத்தை விலக்கிவிட்டார்கள். சீனாவில் 2021-இல் இன்னும் கடுமை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறும் விடுமுறை நாட்களும் மட்டும், இரவு 8 முதல் 9 வரை ஒரே ஒரு மணி நேரம். நம் நாட்டில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள். ஒன்று போய் வேறொன்று வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் விதி போட்டது: பதினெட்டு வயதுக்குக் கீழே கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாருக்கும் கூடாது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. அதே வருடம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஆகஸ்ட்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்து மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது.

இவற்றை எல்லாம் படித்தபோது எனக்குத் திருப்பத்தூர்க் கடைக்காரர்தான் நினைவுக்கு வந்தார். இத்தனை அரசாங்கங்கள் கூடிச் செய்யப் பார்ப்பது என்ன? கடைக்கு ஒரு ஷட்டர் போடுவது. எந்தச் சட்டமும் இல்லாமல் அவர் தினமும் ராத்திரி செய்த காரியம். சட்டம் வேண்டியதுதான், நான் ஆதரிக்கிறேன். சூதாட்டத்தில் பணம் போய் உயிரை விட்டவர்கள் செய்தி படித்தவர்கள் யாரும் அதை எதிர்க்க மாட்டார்கள். ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் ஆடுவது சூதாட்டம் இல்லை. இலவசமாக வந்து, தொப்பி விற்கும் ஆட்டம். அவன் வீட்டு ஷட்டரை டெல்லியிலிருந்து யாரும் வந்து இழுக்கப்போவதில்லை.

"அப்படியானால் போனைப் பிடுங்கிவிடலாமா சார்?" என்றால், கூடாது. விளையாட்டு கெட்டது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நம் பக்கத்துப் பழைய கோயில் மண்டபங்களில் தரையைக் குனிந்து பாருங்கள். ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் செதுக்கி வைத்திருப்பார்கள். சாமி இருக்கும் இடத்திலேயே விளையாட்டுக்கும் இடம் விட்டவர்கள் நம் முன்னோர். மழை நாளில் வளவில் உட்கார்ந்து பல்லாங்குழியும் தாயமும் ஆடாத வீடு செட்டிநாட்டில் உண்டா? தாயத்தில் தோற்று அழாத பிள்ளை உண்டா? அதில் எல்லாம் எதிரே ஒரு முகம் இருந்தது. ஆடு வெட்டுப்பட்டதும் எதிராளி சிரிப்பான். நமக்குக் கோபம் வரும். அப்புறம் முறுக்கு வரும். அந்த முகம்தான் வேண்டும். அது மரப்பலகையில் ஆடும் ஆட்டமா, மின்சாரத்தில் ஆடும் ஆட்டமா என்பது இரண்டாம் பட்சம்.

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த மாணவிக்கும் இதைத்தான் எழுதினேன்.

ஒன்று, ஆட்டத்தைப் படுக்கையறையிலிருந்து முகப்புக்குக் கொண்டு வாருங்கள். கையடக்கத் திரையை விட டி.வி. பெரிது, நாலு பேர் பார்க்கலாம். ஒருவன் ஆட மற்றவன் வழி சொல்லட்டும். இரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டமாக வாங்குங்கள்.

இரண்டு, நேரத்தை முன்கூட்டியே பேசி, ஒரு நோட்டில் அவனையே எழுதச் சொல்லுங்கள். ஆரம்பம், முடிவு. கத்தாதீர்கள். கடைக்காரர் கத்தியதில்லை. நோட்டைக் காட்டினார், எழுப்பினார். இன்று மட்டும் பத்து நிமிடம் என்று ஒருநாள் விட்டுக்கொடுத்தால் மறுநாளிலிருந்து உங்கள் கடிகாரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

மூன்று, பணம் கட்டும் வசதி பிள்ளையின் போனில் இருக்கவே கூடாது. ஏதாவது வாங்க ஆசைப்பட்டால், கைக்காசை எண்ணி உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும். நோட்டாக எண்ணிக் கொடுக்கும்போது பாதி ஆசை போய்விடும்.

நான்கு, நீங்களும் உட்கார்ந்து ஆடுங்கள். முஸ்தபா ராஜாக்கள்தானே நீங்கள்? மகனிடம் தோற்றுப் பாருங்கள். நீங்கள் தோற்று எழுந்து இடம் விடுவதைப் பார்த்தால் அவனுக்கும் எழுந்திருக்க வரும்.

இதெல்லாம் வீட்டோடு முடிகிற காரியம். ஆனால் வீட்டில் கூட்டம் இல்லை. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. கூட்டத்துக்கு ஊர் வேண்டும். அதற்காகத்தான் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

நம் ஊரில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். கல்யாணம் காட்சி என்றால் திறப்பீர்கள். மற்ற நாளில் வௌவாலும் புறாவும்தான். வருகிற மே மாத விடுமுறைக்கு யாராவது ஒருவர் உங்கள் வீட்டு முகப்பையும் திண்ணையையும் மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை கொடுங்கள். ஒரு பழைய டி.வி., நாலு பேர் ஆடும் ஜாய்ஸ்டிக் பெட்டி ஒன்று, இரண்டு கேரம் போர்டு, ஒரு பல்லாங்குழி, தரையில் சுண்ணாம்பால் ஒரு ஆடுபுலிக் கட்டம். பெரிய செலவு இல்லை. கட்டணம் உண்டு. இலவசம் என்று வைத்தால் மதிப்பு இருக்காது. ஆட்டத்துக்கு ஒரு ரூபாய், கையில் காசாக. அந்தக் காசை உண்டியலில் போட்டு மாசக் கடைசியில் பிள்ளைகளையே எண்ணச் சொல்லி அவர்களுக்கே கேக் வாங்கிக் கொடுப்போம்.

பெண் பிள்ளைகளுக்கும் பையன்களுக்கும் முறை சரிபாதி. இதில் ஒரு பேச்சும் கிடையாது. போன தலைமுறையில் வாசலே தெரியாமல் போனவர்களின் மகள்கள் இந்தத் தடவை ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கட்டும். பெண் குழந்தைகளை அனுப்ப யோசிக்கும் ஆத்தாக்கள், ஆயாக்கள் கூடவே வந்து திண்ணையில் உட்காரலாம். வேடிக்கை பார்க்கக் காசு வாங்க மாட்டோம்.

கடைக்காரராக நான் உட்காருகிறேன். நோட்டும் பேனாவும் என் பொறுப்பு. முப்பத்தெட்டு வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை, இன்னும் எழுத்து கோணவில்லை. ஆறரை மணிக்குக் கதவைச் சாத்திவிடுவேன். எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சரி.

டி.வி.யும் பெட்டியும் வாங்கித் தருவதாகத் துபாயில் இருக்கும் இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். இனி வேண்டியது ஒரு வீடு. கொடுக்க மனமிருப்பவர்கள், உங்கள் வீட்டுச் சாவி ஊரில் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரிவியுங்கள். பெருக்கி, ஒட்டடை அடித்து, விளக்குப் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்
உங்கள் வாத்தியார்
இளையாத்தங்குடி